நூற்றுப் பதினொன்று

ஏசியை யாராவது அணைத்துத் தொலைத்தால் தேவலை. கலாமணி சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு முழங்கையையும் மூடிக்கொண்டாள். மூடியும் குளிர் வந்து விரலில் உட்கார்ந்துகொண்டது, மவுஸைப் பிடித்திருந்த விரலில். மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சைச் சோறு இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை, அதற்குள் பனியன் கம்பெனி மாடியில் இருக்கிற கண்ணாடி ரூமில் பதினாறு பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, டேஷ்போர்டு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். டேஷ்போர்டு என்றால் என்ன என்று காலையிலிருந்து அந்தச் சென்னைக்காரன் நாலு தடவை சொல்லிவிட்டான். வரிசை வரிசையாகக் கிடக்கிற நம்பரையெல்லாம் படமாக மாற்றி, ஒரே திரையில், ஜி.எம். ஒரு பார்வை பார்த்தால் போதும் என்கிற மாதிரி வைப்பதாம். ஒரு பார்வை போதுமாம். அப்படியென்றால் இருபத்திரண்டு வருஷமாக அவள் குனிந்து குனிந்து, கழுத்துப்பட்டியையும் கைக்குழியையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வை என்ன ஆயிற்று? அதை எந்தப் படத்தில் போடுவான் இவன்? பிரணவ் என்று பேர் சொன்னான். முப்பது வயசிருக்கும். ஷூ போட்டிருக்கிறான், சாக்ஸ் போடவில்லை, கணுக்கால் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் கணுக்காலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை, மூடித் தொலைக்க வேண்டியதுதானே. "மேடம், அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இழுங்க. விடாதீங்க, விடாதீங்க, கொண்டுவாங்க… இப்ப விடுங்க. சூப்பர் மேடம்!" மாட்டைத் தண்ணித் தொட்டிக்கு ஓட்டுகிற மாதிரி. எதற்கெடுத்தாலும் சூப்பர். ஒழுங்காக இழுத்தாலும் சூப்பர், இழுக்கத் தெரியாமல் எல்லாம் சரிந்து விழுந்தாலும் பரவாயில்லை மேடம், சூப்பர். வீட்டில் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் சூப்பர் சொல்வதில்லை, "குடும்மா இங்க" என்று போனையே கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். பிடுங்குகிறவளே மேல் என்று தோன்றியது. அவளிடம் திருப்பித் திட்டலாம். இவனிடம் என்ன செய்வது? பல்லைக் காட்டித் தலையாட்ட வேண்டும். ஆட்டினாள். ஆட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று போன வாரமே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்: சூப்பர்வைசர் எல்லாரும் கட்டாயம் கற்க வேண்டும், தேறாதவர்களுக்கு மாற்று வேலை. மாற்று வேலை என்றால் பிசிறு வெட்டுவது. கட்டைக் கத்திரியை விரலில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க நூல் நுனியைத் தேடித் தேடி வெட்டுவது. இருபத்திரண்டு வயதில் அதைச் செய்தாள், பெருவிரல் மடிப்பில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. நாற்பத்தி நாலு வயதில், தான் அதட்டி வேலை வாங்கிய பெண்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு…

"இப்ப நம்ம கம்பெனியோட சொந்த டேட்டாவையே எடுத்துக்குவோம்" என்றான் பிரணவ். "ரெண்டு வருஷத்து ஆல்ட்டர் என்ட்ரி. இடது பக்கம் 'டெய்லர் நம்பர்'னு இருக்கு பாருங்க, அதைப் பிடிச்சு மேல விடுங்க. 'பீஸ்' அதைப் பிடிச்சுப் பக்கத்துல விடுங்க. அவ்வளவுதான். மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்." ஆல்ட்டர் என்பது தையல் தப்பி, பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ். அது அவளுடைய ராஜ்யம். செக்கிங் மேஜையில் அப்படி வருகிற ஒவ்வொரு பீஸையும் எந்த டெய்லர் தைத்தது என்று பார்த்து, அந்த நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரை வைத்து ரெண்டு வருஷம் ஆகிறது. மூன்று மேஜை, மூன்று பேர் ஏற்றுவார்கள், அதில் அவள் ஒருத்தி. ஏற்றினதை யார் பார்த்தார்கள்? மாசக் கடைசியில் மொத்தம் எத்தனை என்று கேட்பார்கள், லைன் வாரியாகக் கேட்பார்கள், ஆள் வாரியாக ஒருவனும் கேட்டதில்லை. கேட்கமாட்டான் என்று யார் சொன்னது? டெய்லர் நம்பரைப் பிடித்தாள். இழுத்தாள். விட்டாள். பீஸைப் பிடித்தாள், இழுத்தாள், ஒரு நிமிஷம் விடாமலே பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு விட்டாள். திரையில் சின்னச் சின்னதாகக் கம்பங்கள் முளைத்தன, வேலிக்கு ஊன்றின மூங்கில் மாதிரி வரிசையாக, ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு உயரம். நடுவில் ஒன்று மட்டும் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு, திரையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் காலடியில் 111 என்று இருந்தது. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறு பீஸ். அதற்கு அடுத்த உயரமான கம்பமே நானூற்றுப் பத்து பீஸ்தான்.

நூற்றுப் பதினொன்று தெய்வானை. மூன்றாவது லைனில் ஃப்ளாட்லாக் மிஷினில் தைக்கிறவள். கலாமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் தெய்வானை தப்பாகத் தைத்தது ஒரு நூற்றைம்பது இருக்குமா, இருநூறு இருக்குமா? மிச்சமெல்லாம் யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. டெய்லர் நம்பர் எழுதித் துணிக்கட்டில் கோத்த பண்டல் டிக்கெட் கிழிந்து போயிருக்கும், இல்லையென்றால் டிக்கெட்டே இல்லாமல் பீஸ் வந்து விழுந்திருக்கும், யார் தைத்தது என்று லைனில் போய்க் கேட்டால் நானில்லை நானில்லை என்று நாற்பது பேரும் கையை விரிப்பார்கள். நம்பர் போடாமல் அந்தக் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. சிவப்பாக ஒரு வரி காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் செக்ஷனில் போய்க் கேட்டாள், முதல் வாரத்திலேயே கேட்டாள், அதை யாரும் மறுக்க முடியாது. அங்கே இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, "ஏதாச்சும் ஒண்ணு போட்டு விடுங்கக்கா" என்றான். ஏதாச்சும் ஒன்று போட்டாள். நூற்றுப் பதினொன்று. அன்றைக்கு ஒரு பீஸுக்கு. மறுநாள் இரண்டு பீஸுக்கு. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகும்போது, டிக்கெட் எங்கே என்று தேடப் பொறுமை இல்லாத நாட்களில், டிக்கெட் இருக்கிற பீஸுக்குக்கூட… இல்லை. அது எப்போதாவது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தப்பு யாருடையது? நம்பர் இல்லாமல் விடமாட்டேன் என்ற கம்ப்யூட்டருடையது. ஏதாச்சும் ஒன்று என்றானே அவனுடையது. அவன் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். டெய்லருக்கு மடித்து எடுத்துக் கொடுக்கும்போது டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிற கைமடிப் பெண்களுடையது. கடைசியில் நினைப்பு சுற்றிச் சுற்றி அந்தக் கம்பத்துக்கே வந்து நின்றது, பாவாடை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும் என்று தெரிந்தும் இழுத்துக்கொண்டே. பக்கத்தில் கட்டிங் செக்ஷன்காரர் தன் திரையைப் பார்த்து, "அடேங்கப்பா, யாரது, கொடிமரமாட்ட நிக்குது?" என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய லேப்டாப்பில் மட்டுமில்லை. பதினாறிலும் அதே கம்பம் நிற்கிறது.

சிரிப்பு கிளம்பியது. நூற்றுப் பதினொன்றாம், பட்டை நாமமாம். சிரிக்கிறவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்து அவள் மனசுக்குள் வைதாள். தன் செக்ஷனில் என்ன நடக்கிறது என்று திறந்து காட்டச் சொன்னால் ஒருத்தனும் மிஞ்சமாட்டான் இங்கே. பிரணவ் காலையில் சொன்னதில் ஒன்று ஞாபகம் வந்தது: கம்பத்தின் மேல் வைத்து வலது பக்கம் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில் 'எக்ஸ்க்ளூட்' என்று இருக்கும், வேண்டாததை மறைத்துவிடும். காலையிலிருந்து அவன் சொன்னதில் எதுவும் மண்டையில் ஏறவில்லை, இது மட்டும் எப்படி ஏறியது? அழுத்தினாள். கம்பம் போய்விட்டது. போன வேகத்தில் மற்ற கம்பங்களெல்லாம் சரசரவென்று உயர்ந்தன, இத்தனை நேரம் இடுப்பளவு நின்றவை எல்லாம் இப்போது ஆளுயரம். அவளுக்கு மூச்சு வந்தது. "அட!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. பிரணவ். எப்போது வந்து நின்றான்? "யாருமே ட்ரை பண்ணலை, நீங்க எக்ஸ்க்ளூட் வரைக்கும் போயிட்டீங்க. சூப்பர் மேடம். ஆனா ஒண்ணு, அது அழிஞ்சிடாது. டேட்டாவுல இருக்கும். நம்ம கண்ணுக்கு மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்." அவன் மேல் இருந்த எரிச்சல் அந்த நிமிஷம் கெட்டியாகிப் பகையாகவே ஆகிவிட்டது. யார் கேட்டது உன்னை?

கதவைத் தள்ளிக்கொண்டு ஜி.எம். சுந்தரவடிவேல் வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். கை காட்டி உட்காரச் சொன்னார். சும்மா பார்க்க வரவில்லை அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆடி முடிந்ததும் ஒரு லைனை மூடப்போகிறார்கள், ஆல்ட்டர் அதிகம் வருகிற பத்து டெய்லர்களை நிறுத்தப்போகிறார்கள் என்று கேன்டீனில் ஒரு மாசமாகப் பேச்சு. "என்னப்பா, கத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார். "சூப்பரா பண்றாங்க சார். இந்த மேடத்தோடதைப் பாருங்க" என்று சொல்லி, கேட்காமல் கொள்ளாமல் கலாமணியின் லேப்டாப்பில் ஒயரைச் செருகிவிட்டான் பிரணவ். அவளுடைய திரை சுவரில் ஏறியது. "மேடம் ஒரு கம்பத்தை மறைச்சிருக்காங்க, அதைத் திரும்பக் கொண்டுவரேன்" என்று குனிந்து ஒரு தட்டுத் தட்டினான். நூற்றுப் பதினொன்று சுவர் முழுக்க எழுந்து நின்றது. முந்நூறுக்கு மேல் போனால் சிவப்பு என்று அவன் ஏற்கெனவே வைத்திருந்தான்போல; அவ்வளவும் சிவப்பு. அறைக்குள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"யாரு இது?"

யாரோ, "தெய்வானைங்க சார், மூணாவது லைன்" என்றார்கள்.

"கலாமணி, உங்க செக்கிங்தானே? என்ன இந்தப் பொண்ணு, இப்படித் தைக்குது?"

அங்கேதான் சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடம்தான். சார், டிக்கெட் இல்லாத பீஸையும் அந்த நம்பரில்தான் போட்டேன் என்று ஒரு வரி. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. வரும்போதே கூடவே பிசிறுக் கத்திரியும் வந்தது, மகளின் கல்லூரி வாசலும் வந்தது, "எங்கம்மா குவாலிட்டி சூப்பர்வைசர்" என்று அவள் சிநேகிதியிடம் சொன்ன ஒரே ஒரு தடவையும் வந்தது. எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் புகுந்து வேறொரு வரி வெளியே போய்விட்டது.

"கொஞ்சம் கவனம் பத்தாதுங்க சார்."

சொல்லிவிட்டாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஜி.எம். தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணை மேல வரச் சொல்லுங்க" என்றார். யாரோ போனை எடுத்துக் கீழே சொன்னார்கள்.

தெய்வானை வருவதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. பிரணவ் ஏதோ கலர் மாற்றுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. மூன்றாவது லைனிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் வைத்திருக்கிற இடம் தாண்டி, படி ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள் கலாமணி. வராமலே போய்விடக் கூடாதா. வழியில் மயக்கம் போட்டு விழுந்துவிடக் கூடாதா. இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று தோன்றியது, தோன்றினதும் கோபம் தெய்வானை மேலேயே திரும்பியது. எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். பீஸைத் திருப்பிக் கொடுத்தால் தன்னுடையதுதானா என்றுகூடப் பார்க்கமாட்டாள், "சரிங்க்கா" என்று வாங்கிப் பிரிக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவையாவது டிக்கெட் எங்கே என்று கேட்டிருந்தால், ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்திருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்குமா? வாயில்லாத ஆளாக இருக்கிறதும் ஒரு குற்றம்தான். வாயைத் திறக்கட்டுமே. இங்கே வந்தும் சரிங்க்கா என்றுதான் சொல்லப்போகிறாள். சரிங்க சார் என்பாள், போய்விடுவாள், எல்லாம் முடிந்துவிடும். அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள், எந்தச் சாமியிடம் என்று தெரியாமல்.

கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தெய்வானை உள்ளே வந்தாள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏசியின் குளிர் பட்டதும் தோள் ஒடுங்கியது. சுவரைப் பார்த்தாள், பதினாறு முகங்களையும் பார்த்தாள், தெரிந்த முகம் என்று கலாமணியிடம் வந்து நின்றாள். "என்னங்க்கா?"

ஜி.எம். சுவரைக் காட்டினார். "அது உன் நம்பர்தானே? ரெண்டு வருஷத்துல ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் பீஸ் ஆல்ட்டர். கம்பெனியிலேயே நீதான் முதல். என்ன சொல்றே?"

தெய்வானை சிவப்புக் கம்பத்தை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தாள். "அவ்வளவு இருக்காதுங்க சார்."

"இருக்கே. கம்ப்யூட்டர் சொல்லுதே."

"இல்லீங்க சார்." குரல் உயரவில்லை. ஆனால் நகரவும் இல்லை. "என்ற கையில என்ன தப்புனாலும் அன்னிக்கே பிரிச்சுத் தெச்சுக் குடுத்துருவனுங்க. வாரத்துக்கு ஒண்ணு வருமுங்க, ரெண்டு வருமுங்க. அவ்வளவு வராதுங்க."

பிரணவ் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, "மாசவாரியாப் பார்க்கலாம் சார்" என்று கலாமணியின் தோளுக்கு மேல் எட்டி எதையோ தட்டினான். ஒற்றைக் கம்பம் உடைந்து மாசத்துக்கு ஒன்றாகப் பரவியது. தெய்வானை உதட்டை அசைத்து மாசப் பேர்களைப் படித்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த வருஷம் பிப்ரவரியும் இருக்குதுங்களே சார். அப்ப நான் வேலைக்கே வல்லீங்க. கர்ப்பப்பை எடுத்தாங்க. நாப்பத்தி ரெண்டு நாளு லீவுங்க. பொங்கல் கழிஞ்ச மறுநாளு போனவ மாசிப் பாதியிலதானுங்க வந்தேன். ஆபீசுல சீட்டு இருக்குமுங்க." ஜி.எம்.மிடம் சொல்லிவிட்டு அவள் கலாமணி பக்கம் திரும்பினாள். "அக்காளுக்குத் தெரியுமுங்களே. அக்காதானுங்க ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்து பாத்தாங்க."

வாங்கிக்கொண்டு போனாள். ஆமாம், போனாள். செக்கிங்கில் எல்லாரும் சேர்ந்து வாங்கினது, கொண்டுபோய்க் கொடுக்க யாராவது வேண்டுமே என்று போனாள். கட்டிலில் கிடந்துகொண்டே எழுந்திருக்கப் பார்த்தாள் இவள், படு படு என்று தோளைப் பிடித்து அமுக்கினாள் கலாமணி. அந்த வாரமும் மேஜைக்குத் திரும்பி வந்து அதே நம்பரைத்தான் போட்டிருக்கிறாள். போடும்போது தெய்வானையின் முகம் ஞாபகம் வந்ததா? வரவில்லை. வந்திருந்தால் வேறு நம்பர் போட்டிருப்பாள், அதுவும் இன்னொருத்தியின் நம்பர்தான்.

"ஆளே இல்லாதப்ப அறுபத்தேழு பீஸ் எப்படிய்யா வரும்?" ஜி.எம்.மின் கோபம் பிரணவ் பக்கம் திரும்பியது. "என்ன சாஃப்ட்வேர் இது?"

"சாஃப்ட்வேர் தப்பு இல்லை சார். என்ட்ரி தப்பு. யார் போட்டதுன்னு அதுவே தனியா ஒரு கட்டத்துல எழுதி வெச்சிருக்கும்."

"எங்கே?"

"லிஸ்ட்ல கடைசியில சார். 'என்ட்ரி செய்தவர்'." அவன் மவுஸை எடுக்கக் கையை நீட்டினான்.

கலாமணி மவுஸை விடவில்லை. அவன் விரல் அவள் கைமேல் பட்டுச் சட்டென்று விலகியது. இன்னும் நேரம் இருந்தது. வலது பக்கம் அழுத்தினால் பிப்ரவரியை மறைக்கலாம். ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தவறிப் பட்டது என்று சொல்லலாம். தலை சுற்றுகிறது என்று மேஜையில் சாயலாம். எல்லாவற்றையும் அவள் நினைத்தாள், ஒவ்வொன்றையும் செய்து முடித்து அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது வரைக்கும் நினைத்தாள். இவன் வந்து தட்டுவான். எப்படியும் தட்டுவான். தட்டிவிட்டு இங்கே பாருங்க சார் என்று அந்தக் குரலில் சொல்வான். அது ஒன்றை மட்டும் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. நல்லது செய்ய வேண்டும் என்று வந்த எண்ணம் இல்லை, அவனிடம் கொடுக்கக் கூடாது என்கிற வெறி. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பட்டியலின் கடைசிக்குப் போனாள். 'என்ட்ரி செய்தவர்.' அழுத்திப் பிடித்தாள். இழுத்தாள். சுவரில் அந்த எழுத்துகள் நெளிந்து நெளிந்து போவதை அறையே பார்த்தது. யாரும் விடாதீங்க என்று சொல்லவில்லை. கொண்டுபோய்ப் பிப்ரவரிக் கம்பத்தின் மேல் சரியாக விட்டாள். மூன்று மேஜைக்கு மூன்று கம்பம் வந்திருக்க வேண்டும். ஒன்றுதான் வந்தது. அதன் அடியில் அவள் பேர் முழுசாக, இனிஷியலோடு இருந்தது.

"சூப்பர் மே…" என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த பிரணவ் நடுவிலேயே வாயை மூடிக்கொண்டான்.

ஜி.எம். சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "கவனம் பத்தாதுன்னீங்க" என்றார்.

"டிக்கெட் இல்லாத பீஸுங்க சார். நம்பர் போடாம உள்ள விடாதுங்க. அதனால…" தெய்வானை பக்கம் கையைக் காட்டினாள். "அவ தப்பு இல்லீங்க. நான் சொன்னது பொய்யிங்க."

"இது முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க. சாவியைக் கொண்டாந்துருங்க, செக்கிங் பீரோ சாவி." அவர் எழுந்தார். தெய்வானையிடம், "நீ போம்மா, லைனுக்குப் போ. உனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு மெல்ல ஆடி ஆடி நின்றது.

தெய்வானை போகவில்லை. அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று கலாமணி காத்திருந்தாள். கத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், இருபத்திரண்டு வருஷத்தைச் சொல்லலாம்.

"நாந்தான் உங்களுக்கு ஏதாச்சும் பண்ணிப்போட்டனுங்களாக்கா?" என்றாள் தெய்வானை. "எதுக்குங்க்கா என்ற நம்பரு?"

கலாமணி தேடினாள். எங்காவது ஒரு சண்டை, ஒரு மறந்துபோன வார்த்தை, பஸ்ஸில் இடம் கொடுக்காத ஒரு நாள், ஏதாவது ஒரு வன்மம் இருந்திருக்க வேண்டும், இருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும். ரெண்டு வருஷத்தையும் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். ஒன்றும் இல்லை. கீபோர்டு கண்ணில் பட்டது. ஒரே பொத்தான், ஒரே விரல், மூன்று தட்டு.

"அடிக்கறதுக்குச் சுலபமா இருந்துச்சு" என்றாள்.

தெய்வானை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சரி என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.